காப்புக் கட்டிய கை

“நோயாளிக்குச் சுகமாகிவிட்டதாம். ஆபரேஷன் வேண்டாமாம். முந்தாநாள் போன் வந்தது.”

மேசைக்குப் பின்னால் இருந்த நர்ஸ் சிங்களத்தில் சொன்னதை, துணைக்கு வந்திருந்த ரினோஸா ஒரு வார்த்தை விடாமல் தமிழில் சொன்னாள். ஜெயந்தினிக்கு விளங்கவில்லை. வேறு யாரையோ பற்றிய பேச்சு என்று நினைத்துப் பின்னால் திரும்பிப் பார்த்தாள். பின்னால் ஒரு கிழவர் வாயைத் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தார்.

“யாருக்கு அக்கா சொகமாயிருச்சி?”

“ஒங்களுக்குத்தான்.”

ஜெயந்தினியின் தோளில் துணிப்பை கனத்தது. அதற்குள் இரண்டு நைட்டி, ஒரு போர்வை, புது சோப்பு, புது பிளாஸ்க். விடியற்காலையில் நோர்வூட்டில் பஸ் ஏறி, ஹட்டனில் மாறி, வளைவுக்கு வளைவு வயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்து சேர்ந்திருக்கிறாள். சுகமாம்!

“யாரு போன் பண்ணதுன்னு கேளுங்க.”

நர்ஸ் தலையைத் தூக்காமலே பதில் சொன்னாள். “புருஷன்தான். நல்ல சிங்களம். ரொம்ப மரியாதையாகப் பேசினார். உங்களுக்கெல்லாம் புண்ணியம் கிடைக்கும் என்றுகூடச் சொன்னார்.”

அந்த நல்ல சிங்களத்தை ஜெயந்தினிக்குத் தெரியும். ஊசிக்கல் தோட்டத்து மேல்பிரிவில் அப்படிச் சிங்களம் பேச சுமனை விட்டால் ஆள் கிடையாது. ஹட்டன் பாதையில் ஆட்டோ ஓட்டுகிறவன். வண்டியை மறித்த போலீஸ்காரரையே சிரிக்க வைத்துவிட்டு வந்துவிடுவான். கல்யாணமான புதிதில் அதைக் கேட்டு அவள் பெருமைப்பட்டிருக்கிறாள்.

நேற்று ராத்திரி பிளாஸ்க் வாங்கி வந்தவனும் அவன்தான். “சுடுதண்ணி இல்லாம கஷ்டப்படுவ” என்று தன் கையாலேயே பையில் வைத்தான். வாசலில் நின்று, “போயிட்டு சீக்கிரம் வா” என்றான். ஆபரேஷனுக்குப் போகிறவளிடம் என்ன சீக்கிரம் என்று அப்போதே அவளுக்கு லேசாக உறுத்தியது. பாசத்தில் உளறுகிறான் என்று விட்டுவிட்டாள்.

இப்போது விளங்கியது. சாயங்காலத்துக்குள் திரும்பி வந்துவிடுவாள் என்று தெரிந்துதான் அனுப்பியிருக்கிறான்.

“அக்கா” என்றாள் ரினோஸாவிடம். “நான் இங்கேருந்து நகர மாட்டேன். டொக்டர் வரட்டும்.” பையைக் கதவோரம் வைத்து, அதன் மேலேயே உட்கார்ந்துவிட்டாள்.

ஜெயந்தினி பெரிய மனுஷியான வருஷம் தொடங்கிய வலி அது. மாதம் பிறந்தால் இடுப்புக்குக் கீழே யாரோ தேயிலைச் செடி நறுக்கும் கவ்வாத்துக் கத்தியால் வெட்டுவது போல இருக்கும். “பொம்பளைன்னா வலிக்கத்தான் செய்யும்” என்றார்கள் வீட்டில். மலையில் கொழுந்து கிள்ளும்போது கண் இருட்டி, தேயிலைச் செடியைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். “என்னம்மா, சாமியா வருது?” என்று கேட்டுச் சிரிப்பார் வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கு ஐயா. தோட்டத்து டிஸ்பென்சரியில் போய் நின்றால், வெள்ளை மாத்திரை நாலு. அடுத்த மாதம் போனால் இன்னும் நாலு. மூன்றாம் முறை, “கல்யாணம் பண்ணிக்க, சரியாயிரும்” என்ற மருந்து. கல்யாணத்துக்குப் பிறகு அது, “ஒரு பிள்ளையப் பெத்துக்க, சரியாயிரும்” என்று மாறியது. பிள்ளையோ வருகிற வழியாகக் காணோம். மாமியார் பேச்சியம்மாவுக்கு அது போதாதா?

“சட்டிய உருட்டத் தெரியுது, தொட்டில ஆட்டத்தான் ஆள் இல்ல” என்பாள், யாருக்கோ சொல்வது போல. வலியில் சுருண்டு கிடந்தால், “வேல செய்ய வேணாம்னா வயித்தப் புடிச்சுக்க வேண்டியது!” என்று லயத்து வரிசை வீடுகளுக்கெல்லாம் கேட்கும்படி சொல்வாள்.

நோர்வூட்டில் நஸார் முதலாளியின் துணிக்கடையில் ஒருநாள் சேலை பார்த்துக்கொண்டிருந்தவள் அப்படியே சரிந்துவிட்டாள். முதலாளியின் மகள் ரினோஸாதான் உள்ளே கூட்டிப்போய்ப் படுக்க வைத்தாள். வெந்நீர்ப் போத்தலை அடிவயிற்றில் வைத்தாள். மாதாமாதம் வருகிறதா, வெளிக்குப் போகும்போதும் வலிக்கிறதா, புருஷனோடு சேரும்போது வலிக்கிறதா என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். ஒவ்வொன்றுக்கும் ஆமென்று தலையாட்டினாள் ஜெயந்தினி. இதையெல்லாம் இவள் எப்படிக் கண்டாள்?

“எனக்கும் இதுதான்” என்றாள் ரினோஸா. “இதுக்குப் பேரு எண்டோமெட்ரியோசிஸ். கர்ப்பப்பைக்கு உள்ள இருக்கிற தோல் மாதிரி ஒண்ணு வெளியிலயும் வளருது. சூலகத்துல, குடல்ல, எங்க வேணும்னாலும் ஒட்டிக்கும். மாசாமாசம் அங்கயும் வீங்கிப் புண்ணாகுது. அதான் இந்த வலி. நீங்க நடிக்கல்ல.”

நீங்க நடிக்கல்ல! அந்த ஒரு வார்த்தைக்கு ஜெயந்தினி கடைக்குள்ளேயே குமுறி அழுதாள். அழுது முடித்ததும் வந்ததுதான் கோபம். இத்தனை வருஷமாகப் பேர் இருந்திருக்கிறது. ஒருத்தர்கூடச் சொல்லவில்லையே!

ரினோஸா போனில் ஒரு குழு வைத்திருந்தாள். மஸ்கெலியாவில் ஒரு டீச்சர், றொசல்லயில் படிக்கிற பெண் ஒருத்தி, பொகவந்தலாவையில் பால் சேர்க்கிற அக்கா என்று மலையில் இதே வலியோடு இருக்கிற பெண்கள். எந்த ஆஸ்பத்திரியில் எந்தக் கிழமை கிளினிக், எந்த மாத்திரை குமட்டும், எதைச் சாப்பிட்டால் வயிறு ஊதும், யாரிடம் போனால் திட்டாமல் கேட்பார்கள் எல்லாம் அதில் வரும். அவர்கள் சொன்ன வழியில்தான் ஜெயந்தினி இந்த ஆஸ்பத்திரிக்கு வந்தாள். ஸ்கேனில் சூலகத்தில் கட்டி தெரிந்தது. காத்திருந்து காத்திருந்து ஆபரேஷனுக்கு நாள் கிடைத்தது.

அந்த நாள் தோட்டத்துத் திருவிழாவுக்கு நடுவில் வந்து விழுந்தது.

மாரியம்மனுக்குக் காப்புக் கட்டிவிட்டால், அதை அவிழ்க்கும்வரை தோட்டத்து ஆட்கள் எல்லை தாண்டி ராத்தங்கக் கூடாது. பகலில் எங்கே போனாலும் பொழுது சாய லயத்துக்கு வந்துவிட வேண்டும். அதிலும் இந்த வருஷம் கரகம் பாலித்துத் தூக்குவது சுமன். மஞ்சள் கயிற்றைக் கையில் கட்டிக்கொண்டு, ஒரு வேளைச் சோற்றோடு பெரும்பாலும் கோயிலிலேயே கிடந்தான். கேட்டால், “நமக்கு ஒரு பிள்ள வேணும்னுதான் நேந்துக்கிட்டேன். ஒனக்காகத்தான் எல்லாம்” என்பான். கரகம் தூக்குகிறவன் பெண்டாட்டியே எல்லை தாண்டினால் கரகம் தலையில் நிற்குமா என்று கமிட்டி கேட்டது. ஒரு வாரம் வீட்டில் சண்டை. பிறகு திடீரென்று சுமன், “சரி, போயிட்டு வா” என்றான். அம்மன் அவன் மனசைத் திறந்துவிட்டாள் என்று நம்பினாள் பைத்தியக்காரி!

டொக்டர் வெளியே வந்தபோது மத்தியானம். கதவோரம் பையின் மேல் உட்கார்ந்திருந்த பெண்ணைப் பார்த்து நின்றார். ஜெயந்தினி எழுந்தாள்.

“அக்கா, நான் சொல்றத ஒண்ணு விடாம சொல்லுங்க. வெக்கப்பட்டு எதையும் முழுங்கிறாதீங்க.”

“நான் எதுக்கு முழுங்கப் போறேன்? நீங்க சொல்லுங்க.”

முந்தி இரண்டு முறையும் கூட வந்து சிங்களத்தில் பேசியது சுமன்தான். அவள் நீளமாகச் சொல்வாள். அவன் மூன்றே வார்த்தையில் முடித்துவிடுவான். கட்டில் விஷயத்தை அவன் சொன்னதே இல்லை. இன்றைக்கு ஜெயந்தினி எல்லாவற்றையும் சொன்னாள். மலையில் பின்பக்கமாக ரத்தம் வழிய, ஒதுங்க ஒரு மறைவில்லாமல் கொழுந்து நிறுக்க வரிசையில் நின்றதை. கக்கூசில் வலி தாங்காமல் துணியை வாயில் திணித்துக்கொண்டதை. புருஷன் தொட்டால் உள்ளே கிழிவது போலிருக்கும் என்பதை. வரிசையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும் என்று விட்டாள். ரினோஸா ஒவ்வொன்றையும் அதே சூட்டோடு சிங்களத்தில் கொட்டினாள்.

“எனக்குச் சுகமாகல. நான் வேணாம்னு சொல்லல. என் வயித்தப் பத்தி என்கிட்ட கேக்காம வேற யார்கிட்ட கேட்டீங்க?”

டொக்டர் நர்ஸைப் பார்த்தார். நர்ஸ் முகம் சிவந்தது. “வீட்டுக்காரரே சொல்லும்போது நான் என்ன செய்ய?” என்று முணுமுணுத்தாள்.

“கட்டிலை வேறு ஒரு பெண்ணுக்குக் கொடுத்தாயிற்று” என்றார் டொக்டர்.

“அவங்கள எழுப்பச் சொல்லல. அவங்களும் என்னப் போலதான் தவங்கெடந்து வந்திருப்பாங்க. எனக்கு வேற நாள் குடுங்க.”

டொக்டர் நாள்புத்தகத்தைப் புரட்டினார். “திங்கட்கிழமை காலையில் வந்து அட்மிட் ஆகட்டும். அதை விட்டால் இந்த வருஷத்தில் நாள் கிடைப்பது கஷ்டம்” என்றார். ரினோஸா வழியாக இன்னொன்றும் சொன்னார். ஆபரேஷனோடு இது முடிந்துவிடாது, திரும்பவும் வளரலாம், மாத்திரை வேண்டும், கிளினிக்குக்கு ஒழுங்காக வர வேண்டும், இதோடு வாழப் பழகவும் வேண்டும்.

“பழகிக்கிறேன். பேர் தெரியாமயே இத்தன வருஷம் வாழ்ந்துட்டேன்ல?” என்றாள் ஜெயந்தினி.

பஸ்ஸில் திரும்பும்போதுதான் கணக்குப் போட்டுப் பார்த்தாள். ஞாயிற்றுக்கிழமை கரகம். காப்பு அவிழ்ப்பது செவ்வாய்க்கிழமை. திங்கட்கிழமை நடுவில் நின்றது, வேண்டுமென்றே வந்து நிற்பது போல.

ரினோஸாவும் அதையே நினைத்திருக்க வேண்டும். “நோர்வூட்லயே நம்ம வீட்டுல இருந்திருங்க. திங்கக்கிழமை அங்கேருந்தே போவோம். உம்மா ஒண்ணும் சொல்ல மாட்டாங்க.”

“இல்லக்கா. ஒளிஞ்சு போனா நான்தான் தப்புப் பண்ணதாகும். எனக்குக் கேக்க வேண்டியது இருக்கு.”

அவள் லயத்துக்குப் போகவில்லை. பையோடு நேரே கோயிலுக்கு ஏறினாள். தப்பு மேளம் முழங்கிக்கொண்டிருந்தது. சுமன் வெறும் குடத்தைத் தலையில் வைத்து ஆடிப் பழகிக்கொண்டிருந்தான். பூசாரி வீரய்யா கற்பூரத் தட்டைத் துடைத்துக்கொண்டிருந்தார். பெண்களோடு உட்கார்ந்து முளைப்பாரிக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தாள் பேச்சியம்மா. கமிட்டித் தலைவர் செல்லசாமி பெஞ்சில் கால்மேல் கால் போட்டிருந்தார்.

“என்னம்மா, போன காரியம் அதுக்குள்ள முடிஞ்சிருச்சா?” என்றார் செல்லசாமி. கேட்ட விதத்தில் ஒரு சிரிப்பு ஒட்டியிருந்தது. இவருக்கும் தெரிந்திருக்கிறது!

ஜெயந்தினி அவருக்குப் பதில் சொல்லவில்லை. பூசாரியிடம் போனாள்.

“சாமி, காப்புக் கட்டினவங்களுக்கு என்னென்ன ஆகாது?”

வீரய்யா விழித்தார். “என்ன புள்ள புதுசா கேக்கிற? கவுச்சி ஆகாது. கட்டில்ல படுக்கக் கூடாது. பொண்டாட்டி பக்கம் போகக் கூடாது. பொய் பேசக் கூடாது.”

“பேசினா?”

“பேசினா கரகம் நிக்காது. அம்மன் தள்ளிவிட்ரும். ஒங்க தாத்தன் காலத்துல இருந்து இருக்கிற கட்டுத்தானே இது?”

“அப்படின்னா அவருகிட்ட கொடத்த எறக்கி வைக்கச் சொல்லுங்க.”

தப்பு நின்றது. சுமன் குடத்தைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

“முந்தாநாள் ஆஸ்பத்திரிக்குப் போன் பண்ணியிருக்காரு. பொண்டாட்டிக்குச் சொகமாயிருச்சி, ஆபரேஷன் வேணாம்னு சொல்லியிருக்காரு. பொறகு ராத்திரி பிளாஸ்க் வாங்கி என் பையில வச்சாரு. காப்புக் கட்டின கையால!”

“ஏய், வீட்டுப் பேச்ச கோயில்ல பேசாத” என்றான் சுமன்.

“வீட்டுல பேசினப்ப ஒங்க காதுல விழலையே!”

செல்லசாமி எழுந்தார். “இங்க பாரும்மா, அவன் தோட்டத்து நல்லதுக்குத்தான்...”

“தலைவரே, ஒங்களுக்கு வயித்துல கட்டி இருந்தா தோட்டத்து நல்லதுக்குன்னு பொத்திக்கிட்டு இருப்பீங்களா? சும்மா உக்காருங்க.” பெண்கள் பக்கமிருந்து யாரோ களுக்கென்று சிரித்தார்கள். செல்லசாமி உட்காரவும் முடியாமல் நிற்கவும் முடியாமல் திணறினார்.

ஜெயந்தினி தட்டிலிருந்து ஒரு கற்பூரத்தை எடுத்து, கொளுத்தி, அம்மன் முன்னால் வைத்தாள். “நான் பொய் சொல்றேன்னா வந்து இத அணைச்சு சத்தியம் பண்ணு. போன் பண்ணலன்னு சொல்லு. சொன்னா இந்த எடத்துலயே நான் ஒன் கால்ல விழுறேன்.”

கல்யாணமான நாலு வருஷத்தில் அவள் அவனை ஒருமையில் கூப்பிட்டது அன்றுதான். கற்பூரம் எரிந்தது. சுமன் அதைப் பார்த்தான், அம்மனைப் பார்த்தான், அம்மாவைப் பார்த்தான். கால் நகரவில்லை.

“பிள்ளைக்காகத்தானே நேந்துக்கிட்டேன்” என்றான், தரையைப் பார்த்து. “கரகம் கெட்டா எல்லாம் கெட்டுப் போகும்னு... ஆபரேஷன் அப்புறமா பண்ணிக்கலாம்னு...”

“பிள்ளை எங்க வரும்? வர வேண்டிய எடத்துல கட்டி இருக்கு. அத எடுக்க விடாம நீ யாருக்கு நேந்துக்கிட்ட? திங்கக்கிழமை நான் ஆஸ்பத்திரிக்குப் போறேன், எல்லை தாண்டித்தான் போறேன்.”

கற்பூரம் எரிந்து அடங்கியது. யாரும் அணைக்கவில்லை.

பேச்சியம்மா முழங்காலில் கையூன்றி எழுந்தாள். அடுத்து வரப்போகும் ஏச்சுக்கு ஜெயந்தினி பல்லைக் கடித்துக்கொண்டாள். ஆனால் பேச்சியம்மா மருமகளைத் தாண்டிப் போய் மகனின் மணிக்கட்டைப் பிடித்தாள்.

“வீரய்யா, இந்தக் காப்ப அவுரு.”

“அம்மா!”

“வாய மூடு. ஒன் கரகத்துக்காக நான் ஒத்த நேரம் கஞ்சி குடிச்சுக் கெடக்கேன். நீ அம்மன் கயித்தக் கையில கட்டிக்கிட்டு பொய் பேசியிருக்க. இவ எல்லை தாண்டினா குத்தம்னா, நீ செஞ்சது என்னா? இந்தத் தலையில கரகம் ஏறுனா தோட்டத்துக்கு அம்மை போடும். அவுரு வீரய்யா!”

வீரய்யா செல்லசாமியைப் பார்த்தார். செல்லசாமி மலையைப் பார்த்தார். வேறு வழியில்லாமல் பூசாரி கயிற்றை அவிழ்த்தார். குடம் தனுஷன் என்ற பையனின் கைக்குப் போனது.

இறங்கும் படியில் பேச்சியம்மா பின்னாலேயே வந்தாள். “என்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்லடி, இவ்வளவு வலின்னு.”

“சொன்னேன் மாமி. சொன்னப்பல்லாம் நடிக்கிறேன்னீங்க.”

பேச்சியம்மா மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்கிற ஆளும் இல்லை. “பையக் குடு” என்று வாங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டு முன்னால் நடந்தாள். “என்னா கனம்! ஆஸ்பத்திரிக்குப் போறியா, கொழும்புக்குக் குடி போறியா?” என்று வழியெல்லாம் திட்டிக்கொண்டே போனாள்.

வீட்டில் சுமன் வெறும் மணிக்கட்டைத் தடவிக்கொண்டு மூலையில் உட்கார்ந்திருந்தான். “எல்லார் முன்னாலயும் என் மானத்த வாங்கிட்ட.”

“ஒங்க மானம் போய் ஒரு மணி நேரம்கூட ஆகல. நான் வயித்தப் புடிச்சுக்கிட்டு மலையில நின்ன வருஷமெல்லாம் எனக்கு மானம் இல்லையா?” மறுபடி ‘ஒங்க’ வந்திருந்தது. ஆனால் அதில் பழைய மரியாதை எதுவும் இல்லை என்று அவனுக்கும் விளங்கியது.

“திங்கக்கிழமை நான் ஆட்டோவுல கொண்டு விடுறேன்.”

“வேணாம். ரினோஸாக்காவோட பஸ்ஸுல போறேன். நீங்க ஒரே ஒரு வேல செய்யுங்க.” அவனுடைய போனை எடுத்து அவன் முன்னால் வைத்தாள். “ஆஸ்பத்திரி வாட்டுக்குப் போன் அடிங்க. சத்தமா வைங்க, நானும் கேக்கணும். என் பொண்டாட்டிக்குச் சொகமாகல, நான்தான் பொய் சொன்னேன், திங்கக்கிழமை அவ வர்றா, இனிமே என் பேச்சக் கேக்காதீங்கன்னு சொல்லுங்க. அதே நல்ல சிங்களத்துல.”

சுமன் கெஞ்சுவது போல அம்மாவைப் பார்த்தான். பேச்சியம்மா அடுப்பை ஊதிக்கொண்டிருந்தாள். திரும்பாமலே, “அடிடா” என்றாள்.

அடித்தான். சொன்னான். பாதியில் நாக்குக் குழறியது. பிறகு அந்த நர்ஸின் குரல் அறையெல்லாம் கேட்டது. அவள் சொன்னதில் பாதிதான் ஜெயந்தினிக்கு விளங்கியது. விளங்கிய பாதியே போதுமானதாக இருந்தது.

தன் போனை எடுத்துக் குழுவில் போட்டாள். “திங்கக்கிழமை அட்மிட் ஆகிறேன்.”

மளமளவென்று பதில் வந்தது. மஸ்கெலியா டீச்சர், கையில் என்னென்ன கொண்டு போக வேண்டும் என்று எழுதினாள். கடைசியாக றொசல்லயில் படிக்கிற பெண் கேட்டிருந்தாள். “அக்கா, எங்க தோட்டத்துலயும் காப்புக் கட்டியாச்சு. எனக்குப் புதன்கிழமை கண்டியில ஸ்கேன். ராத்தங்கணும். அம்மன் குத்தம்னு அப்பா விடமாட்டேங்கிறார். நான் என்ன செய்யிறது?”

ஜெயந்தினியின் அடிவயிறு சுரீரென்று இழுத்தது. சுவரில் சாய்ந்து, இழுப்பு விடும்வரை காத்திருந்து, பிறகு எழுதினாள்.

“அம்மன் இதுவரைக்கும் ஒண்ணும் சொல்லல. சொல்றதெல்லாம் மனுஷங்கதான். அப்பா நம்பர அனுப்பு, தங்கச்சி. நான் பேசுறேன்.”